ஒரு முகம், ஒரு கையெழுத்து

1928-ல் வெளியான ஊமைப்படம். இரண்டு தீ விபத்துகளில் நெகடிவை இழந்து, ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியிலிருந்து மீண்டு வந்தது. 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' இன்றைய ரசிகரை என்ன செய்கிறது?

"பத்து நிமிஷம் பார்ப்பேன் மாமா. போரடிச்சா எழுந்து போயிடுவேன்" என்ற நிபந்தனையோடுதான் வந்து உட்கார்ந்தாள் என் அக்கா மகள். தில்லியில் சட்டம் படிக்கிறாள். விடுமுறை நாட்களில் ஹாஸ்டலிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காக வருவாள். அன்று சாப்பாட்டோடு ஒரு படமும் சேர்ந்துகொண்டது அவளுடைய துரதிர்ஷ்டம்.

ஊமைப்படம் என்றால் அவளுக்குத் தெரிந்தது சாப்ளின். குடுகுடுவென்று ஓடும் மனிதர்கள், வழுக்கி விழும் போலீஸ்காரர், பின்னால் விடாமல் தட்டும் பியானோ. நான் போட்டது டென்மார்க் டைரக்டர் கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்'. சிரிக்க இதில் இடமே கிடையாது. ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணை விசாரித்து, மிரட்டி, கையெழுத்து வாங்கி, கடைசியில் எரிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். அது எப்படி முடியும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும்.

படத்தின் முதல் காட்சியில் மனிதர்களே இல்லை. ஒரு கை, பழைய கையெழுத்துப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைப் புரட்டுகிறது. ஜோனின் வழக்கு நடவடிக்கைகளின் பதிவேடு அது என்று எழுத்துக்கள் தெரிவிக்கின்றன.

"நிஜ ரிகார்டா?" என்று நிமிர்ந்தாள் சட்ட மாணவி.

நிஜம்தான். கேள்வியும் பதிலுமாக எழுதி வைக்கப்பட்ட அந்தப் பதிவேட்டிலிருந்துதான் டிரையர் படத்தின் வசனங்களில் பெரும்பகுதியை எடுத்தார். ஐந்து மாதம் இழுத்த வழக்கை ஏதோ ஒரே நாளில் நடந்ததுபோல் சுருக்கினார். போர்க்களம், குதிரை, கொடி, முடிசூட்டு விழா எதுவும் கிடையாது. ஜோன் என்றதும் நினைவுக்கு வரும் அத்தனையையும் வெளியே நிறுத்திவிட்டு, வழக்கை மட்டும் உள்ளே விட்டார்.

சரித்திரம் மறந்தவர்களுக்குச் சில வரிகள். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான நூறாண்டுப் போரின் கடைசிக் கட்டம். தோம்ரெமி கிராமத்துப் பெண் ஒருத்தி, தெய்வீகக் குரல்கள் தன்னை அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு ஆண் உடையில் படையோடு புறப்படுகிறாள். 1429 மே மாதம் ஆர்லியான் நகரின் முற்றுகை உடைகிறது. ஜூலையில் ஏழாம் சார்லஸ் ரைம்ஸ் நகரில் முடிசூடுகிறான். அடுத்த வருடம் அவள் பிடிபடுகிறாள், ஆங்கிலேயர்களுக்கு விற்கப்படுகிறாள். பிஷப் கோஷோன் தலைமையில் ரூவான் நகரில் விசாரணை. 1431 மே 30 அன்று எரிக்கப்பட்டாள்.

சுவர் வெள்ளை, முகம் பள்ளத்தாக்கு

முதல் பத்து நிமிஷத்தில் இன்றைய ரசிகருக்கு வரும் சிரமம் மௌனம் அல்ல. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே புரியாததுதான். முதலில் அறை முழுவதையும் காட்டிவிட்டு, பிறகு ஆளுக்கு ஆள் வெட்டுவதுதான் நாம் பழகிய சினிமா. டிரையர் அந்த உதவியைச் செய்வதில்லை. தொடக்கத்தில் காமிரா நீதிமன்றத்தைக் குறுக்கே ஒருமுறை கடக்கிறது. அதன் பிறகு முகங்கள், மேலும் முகங்கள். பின்னால் வெள்ளைச் சுவர். ஒருவர் பார்க்கும் திசைக்கும் அடுத்தவர் இருக்கும் இடத்துக்கும் கணக்கு ஒத்துவராது. 1,500-க்கும் மேற்பட்ட ஷாட்டுகளில் நிற்பதற்கு ஒரு தரை கிடைப்பதில்லை.

கொஞ்ச நேரத்தில் புரிகிறது: நமக்கு வழி தெரியாததுபோலவே அவளுக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கேள்வி வரும் என்று கண்கள் அலைகின்றன. நாமும் அவளோடு சேர்ந்து திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் படத்துக்காக ரூவான் கோட்டையைப் பெரும் செலவில் கட்டினார்கள். ஹெர்மன் வார்ம், ஜான் ஹ்யூகோ என்ற இரண்டு கலைஞர்களின் கைவண்ணம். கறுப்பு வெள்ளையில் சாம்பலாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். அத்தனையும் செய்துவிட்டு, டிரையர் அதை ஒழுங்காகக் காட்டவே இல்லை. தரையில் குழி தோண்டிக் காமிராவை இறக்கி, கீழிருந்து நீதிபதிகளின் முகங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். பணம் போட்டவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

நடிகர்கள் யாருக்கும் மேக்கப் கிடையாது. எல்லா வண்ணங்களுக்கும் ஈடுகொடுக்கும் பான்குரோமாடிக் பிலிம் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒளிப்பதிவாளர் ருடால்ஃப் மாத்தே அதைப் பயன்படுத்தி மரு, சுருக்கம், வியர்வை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார். ஒரு நீதிபதியின் கன்னம் திரையில் மலைச்சரிவு மாதிரி இருக்கிறது. ஓரிடத்தில் ஜோனின் முகத்தில் ஒரு ஈ வந்து உட்காருகிறது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். தொண்ணூறு வருடங்களுக்கு மேலாக அந்த ஈ அங்கேயே இருக்கிறது.

வக்கீல் எங்கே?

என் மருமகள் பத்தாவது நிமிஷத்தில் எழுந்து போகவில்லை. ஆனால் அவள் பார்த்த படம் வேறு. நான் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடைமுறைக் குற்றங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்தப் பொண்ணுக்கு வக்கீலே கிடையாதா?"

கிடையாது. எதிரே வரிசை வரிசையாக மதக் கல்வி கற்ற பெரியவர்கள். இந்தப் பக்கம் காலில் சங்கிலியோடு ஒருத்தி. வயது கேட்டால் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பத்தொன்பது இருக்கும் என்கிறாள். கேட்கப்படும் கேள்விகளோ கண்ணிகள். உனக்குத் தோன்றிய தேவதூதருக்கு உடை இருந்ததா என்கிறார் ஒருவர். அவருக்கு உடை கொடுக்கக் கடவுளுக்கு வசதி இல்லையென்று நினைக்கிறீர்களா என்று பதில் வருகிறது. முடி நீளமாக இருந்ததா? ஏன் வெட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

பிறகு முக்கியமான கேள்வி: நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா? ஆம் என்றால் அகம்பாவம், மத விரோதம். இல்லை என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அது ஆபத்தான கேள்வி என்று எச்சரிக்கிறார் ஒரு இளம் பாதிரியார். அவள் யோசிக்கிறாள். முகத்தில் முதலில் பயம், அப்புறம் ஒரு தெளிவு. இருந்தால் கடவுள் என்னை அதிலேயே வைக்கட்டும், இல்லாவிட்டால் அதில் சேர்க்கட்டும் என்கிறாள். இது கதாசிரியர் எழுதிய பதில் அல்ல. 1431-ல் ரூவானில் ஒரு பெண் சொல்லி, எழுத்தர் எழுதிக்கொண்ட பதில்.

கேள்வியால் வீழ்த்த முடியாதபோது மோசடி. அரசன் சார்லஸ் எழுதியதுபோல் ஒரு போலிக் கடிதம் தயாராகிறது. நண்பனாக நடிக்கும் பாதிரியார் லுவாசலர் அதைச் சிறைக்குக் கொண்டுவருகிறார். அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் அவள் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்கிறாள். அதற்கு முன்பு, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் சிலுவையாக விழுவதைப் பார்த்து அவள் மனம் லேசாகும் ஒரு கணம் உண்டு. பாதிரியார் உள்ளே வந்ததும் அந்தச் சிலுவை மறைகிறது. இதைச் சொல்ல வசனம் தேவைப்படவில்லை.

அடுத்து சித்திரவதைக் கூடம். கூர்முனைகள் பதித்த சக்கரம் சுழல்கிறது. ஒப்புதல் பத்திரம் நீட்டப்படுகிறது. அவள் மயங்கி விழுகிறாள். இந்த இடத்தில் என் மருமகள் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க ஆரம்பித்தாள். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது 1872-ஆம் வருடத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் அதையே 23-வது பிரிவில் வைத்திருக்கிறது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3).

"இதெல்லாம் ஏன் எழுதி வெச்சாங்கன்னு கிளாஸ்ல புரியலை" என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

சொல்லுக்கு முந்திய பேச்சு

ஜோனாக நடித்த ஃபால்கனெட்டி பாரீஸ் நாடக மேடை நடிகை. ஒரு லேசான நகைச்சுவை நாடகத்தில் அவரைப் பார்த்துத்தான் டிரையர் தேர்ந்தெடுத்தார் என்பது ஆச்சரியம். அதற்குமுன் சினிமாவில் அவர் செய்தது அநேகமாக ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. 1946-ல் அர்ஜென்டினாவில் இறந்தார். ஒரே படம், ஒரே முகம். சினிமாவில் பதிவான மிகச் சிறந்த நடிப்பு இதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு.

ஊமைப்பட நடிப்பு என்றால் கையை விரித்து, கண்ணை உருட்டி, நெஞ்சில் அடித்துக்கொள்வது என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது. ஃபால்கனெட்டி பெரும்பாலும் சும்மா இருக்கிறார். கண்ணீர்கூட அவசரப்படாமல் திரண்டு, தயங்கி, இறங்குகிறது. பேசும் படத்தில் ஒருவர் பேசி முடிக்கும்போது அவர் நினைத்ததும் முடிந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். இங்கே உதடு அசைந்த பிறகுதான் எழுத்துக்கள் வருகின்றன. அவை போன பிறகு மறுபடியும் முகம். சொல்வதற்கு முன் அவள் என்ன நினைத்தாள், சொன்ன பிறகு எப்படிப் பயந்தாள் என்று இரண்டையும் பார்க்க நேரம் கிடைக்கிறது. நாளெல்லாம் செல்போனில் முகங்களைத் தள்ளிக்கொண்டே போகிறோம். ஒரே முகத்தின் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்வது இன்று பழக்கமில்லாத வேலை.

1962-ல் கோதார் எடுத்த படத்தில் ஒரு காட்சி: வாழ்க்கையில் வழிதவறி நிற்கும் பாரீஸ் பெண் ஒருத்தி தியேட்டரில் இந்தப் படத்தைப் பார்க்கிறாள். திரையில் ஃபால்கனெட்டியின் கண்ணீர். இருட்டில் அன்னா கரினாவின் கண்ணீர். படம் வந்து முப்பத்து நான்கு வருடம் கழித்து உட்கார்ந்திருந்த அந்த 'நவீன' ரசிகைக்கும் விளக்கவுரை தேவைப்படவில்லை.

இசை? ஊமைப்படங்கள் ஊமையாகத் திரையிடப்பட்டதில்லை. தியேட்டரில் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் படத்துக்குப் பலரும் இசை அமைத்திருக்கிறார்கள். 1994-ல் அமெரிக்கர் ரிச்சர்ட் ஐன்ஹார்ன் எழுதிய 'வாய்ஸஸ் ஆஃப் லைட்' பிரபலமானது. அழகான இசை. ஆனால் முதல் தடவை இசையில்லாமலே பாருங்கள் என்பது என் சிபாரிசு. எங்கே அழவேண்டும் என்று வயலின் வந்து சொல்லாதபோது, அந்த முகத்தை நாமே படிக்கவேண்டியிருக்கிறது.

வேகத்தையும் கவனியுங்கள். பழைய படங்களில் ஆட்கள் தடதடவென்று நடப்பது நடிகர்களின் குற்றமல்ல. குறைந்த வேகத்தில் எடுத்ததை நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட்டுவதால் வந்த வினை. இந்தப் படம் 24-ல் ஓடினால் சுமார் 81 நிமிஷம், 20-ல் சுமார் 97 நிமிஷம். மெதுவான பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

தீயும் அலமாரியும்

இன்று நாம் பார்க்கும் பிரதி கைக்கு வந்த கதை தனி. படம் 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் வெளியானது. பாரீசில் திரையிடுவதற்குமுன் திருச்சபையும் தணிக்கையாளர்களும் வெட்டினார்கள். ஆங்கிலப் படைவீரர்களைக் காட்டிய விதம் பிடிக்காமல் பிரிட்டன் தடை செய்தது. வசூலும் இல்லை. அந்த வருடம் டிசம்பரில் பெர்லின் லேபரட்டரி ஒன்றில் தீப்பிடித்து மூல நெகடிவ் அழிந்தது. டிரையர் மனம் தளரவில்லை. ஒதுக்கி வைத்திருந்த மாற்று ஷாட்டுகளைக் கோத்து, ஏறக்குறைய அதே படத்தை இரண்டாம் முறை உருவாக்கினார். 1929-ல் இன்னொரு லேபரட்டரியில் தீ. அதுவும் போனது.

பிறகு பல வருடங்கள் உலகம் பார்த்தது அரைகுறைப் பிரதிகளை. 1951-ல் ஒருவர் இரண்டாவது பதிப்பின் நகலைக் கண்டெடுத்து, பழைய செவ்வியல் இசையைச் சேர்த்து வெளியிட்டார். டிரையருக்கு அது பிடிக்கவில்லை. தன் படம் முழுசாக இருக்கிறது என்று தெரியாமலேயே 1968-ல் அவர் இறந்துபோனார்.

1981-ல் நார்வே தலைநகர் ஆஸ்லோவை அடுத்த டிகெமார்க் மனநல மருத்துவமனையில் ஒரு அலமாரியைச் சுத்தம் செய்தபோது சில பிலிம் பெட்டிகள் கிடைத்தன. நார்வே திரைப்பட நிறுவனத்துக்கு அனுப்பி, பிரித்துப் பார்த்தால், தணிக்கை வெட்டுக்குமுன் டென்மார்க்கில் காட்டப்பட்ட மூலப் பதிப்பின் பிரதி, டேனிஷ் எழுத்துக்களோடு. அது அங்கே எப்படிப் போனது என்பதற்கு இன்றும் உறுதியான பதில் இல்லை.

நமக்கு இப்படி ஒரு அலமாரி வாய்க்கவில்லை. இந்தியாவில் சுமார் 1,300 ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டதாகக் கணக்கு. எஞ்சியவை சொற்பம், அவற்றிலும் பல துண்டு துண்டாக. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்துக்கு ஒரு பிரதிகூட இல்லை. 1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியபோதே காலம் கடந்துவிட்டிருந்தது. பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேகரித்ததால் பால்கேயின் சில அடிகளாவது மிஞ்சின. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் தானாகவே மக்கும், தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. 2003-ல் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் எழுந்த தீயில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகப் போயின. நம் ஊமைப்படங்களில் எத்தனை முகங்கள் இப்படிக் காத்திருந்தன என்பதை இனி எண்ணிச் சொல்ல ஆளில்லை.

வாபஸ்

படத்துக்குத் திரும்புவோம். ஜோனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு பக்கம் பூக்கள், ஒரு பக்கம் மண்டையோட்டின் கண்குழியிலிருந்து வெளிவரும் புழு. கையெழுத்துப் போட்டால் உயிர். நோயாளி, களைத்தவள், பத்தொன்பது வயது. அவள் கையைப் பிடித்துக் கையெழுத்திட வைக்கிறார்கள். தண்டனை ஆயுள் சிறையாகக் குறைகிறது.

"போட்டுட்டா. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றாள் மருமகள். நானும் போட்டிருப்பேன். உங்களில் பலரும் போட்டிருப்பீர்கள்.

சிறையில் அவள் தலைமுடியை மழிக்கிறார்கள். நடிப்புக்காக அல்ல, ஃபால்கனெட்டியின் முடி நிஜமாகவே விழுகிறது. வெளியே திருவிழாக் கூட்டம், உடலை வளைத்து வித்தை காட்டுகிறவர்கள். ஒருவன் தரையில் கிடந்த முடியைக் கூட்டித் தள்ளுகிறான். அதனோடு, காவலர்கள் முன்பு அவளைக் கேலிசெய்து தலையில் வைத்த வைக்கோல் கிரீடமும் குப்பையாகப் போகிறது. அதைப் பார்க்கும்போது அவள் முகம் மாறுகிறது. நீதிபதிகளைக் கூப்பிடச் சொல்கிறாள். உயிருக்குப் பயந்து பொய் சொல்லிவிட்டேன், கையெழுத்து செல்லாது.

சரித்திரத்தில் அவள் மீண்டும் ஆண் உடை அணிந்ததுதான் மரண தண்டனைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. டிரையர் அதை விட்டுவிட்டுத் துடைப்பத்தைக் காட்டினார். தன்னுடையது என்று மிஞ்சியிருந்த எல்லாம் கண்ணெதிரே குப்பைக்கூடைக்குப் போகும்போது, கொடுத்த கையெழுத்து எவ்வளவு விலை என்பது அவளுக்குப் புரிகிறது. வீராவேசம் இல்லை. பயம் போய்விடவும் இல்லை. பயந்துகொண்டேதான் வாபஸ் வாங்குகிறாள். பின்னர் கட்டும்போது கயிறு கீழே விழ, அவளே குனிந்து எடுத்துக் கொடுக்கிறாள். பல தடவை பார்த்த படம். அந்த இடம் எனக்கு இன்னும் பழகவில்லை.

தீ எழுகிறது. இளம் பாதிரியார் புகைக்குள் சிலுவையை உயர்த்திப் பிடிக்கிறார். கூட்டம் கொதிக்கிறது, படைவீரர்கள் அடிக்கிறார்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் மருமகள் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள்.

இரண்டு நாள் கழித்து ராத்திரி போன் செய்தாள். வழக்கைத் தேடிப் படித்திருக்கிறாள். 1456-ல் திருச்சபையே அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது, 1920-ல் ஜோனைப் புனிதர் என்று அறிவித்தது, எல்லாம் தெரிந்துவைத்திருந்தாள். அவளை உலுக்கியது வேறு. ஜோன் கையெழுத்துப் போட்டதாகப் பதிவேட்டில் உள்ள ஒப்புதல் பத்திரம் நீளமானது. ஆனால் அவளுக்கு வாசித்துக் காட்டியதில் சுமார் எட்டு வரிதான் இருந்தது, பதிவேட்டில் இருப்பது அது அல்ல என்று மறுவிசாரணையில் ஒருவர் சாட்சி சொன்னார். மாசியூ என்ற பாதிரியார். படத்தில் சிலுவையை உயர்த்திப் பிடிக்கும் அதே இளைஞர்.

"எரிக்கறதுக்கு முன்னாடி பேப்பரை மாத்திட்டாங்க மாமா" என்றாள். குரலில் கோபம் இருந்தது, ஏதோ போன வாரம் நடந்த வழக்கைப்பற்றிப் பேசுவதுபோல.